பன்னிரண்டு பெட்டிகள், ஐம்பது நிமிடங்கள்: செம்மறிக் கிடாய்களின் மீத்தேனை அளக்கும் சேவை குறித்த மதிப்புரை

நியூசிலாந்தின் தென்கோடியான சவுத்லாந்தில், பொலிகிடாய்களை வளர்த்துப் பிற பண்ணைகளுக்கு விற்கும் ஒரு ரோம்னிச் செம்மறிப் பண்ணையில் மந்தையைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் கிடாய்கள் எவ்வளவு வெளிவிடுகின்றன என்று, பண்ணைக்கே வந்து அவற்றைச் சிறிது நேரம் பெட்டிகளுக்குள் நிறுத்தி அளந்து தரும் சேவையை 2024 சனவரியில் முதன்முறையாகப் பயன்படுத்தினோம். மறு ஆண்டும் அதே பருவத்தில் பயன்படுத்தினோம். அளந்து தேர்ந்தெடுத்த கிடாய்களுக்குப் பிறந்த குட்டிகள் இப்போது மேய்ச்சலில் நிற்கின்றன. இந்நாட்டுப் பண்ணைகளுக்கு வேலைக்கு வந்திருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர், அந்தப் பெட்டிகள் உண்மையிலேயே பயன் தருகின்றனவா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பொலிகிடாய் வளர்க்கும் பண்ணைக்கு இந்தச் சேவை செலவழிக்கத் தக்கது. கறிக்குட்டிகளையும் கம்பளியையும் மட்டும் விற்கும் பண்ணைக்கு இது தேவையில்லை; அளந்து வைத்திருக்கும் பண்ணையிலிருந்து குறைவாக வெளிவிடும் வழியில் வந்த கிடாயை வாங்கினாலே அதன் பலன் மந்தைக்கு வந்து சேர்ந்துவிடும். பணம் கட்டுபவர் ஒன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சேவை தருவது, எந்தக் கிடாய் குறைவாக வெளிவிடும், எது அதிகமாக வெளிவிடும் என்ற வரிசையைத்தான். பண்ணை இத்தனை டன் வாயுவைக் குறைத்துவிட்டது என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்றிதழை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஆட்டின் வயிற்றுக்குள் நடப்பதைச் சற்று அறிந்துகொண்டால்தான் இந்தச் சேவையின் அருமையும் அதன் எல்லையும் புலப்படும். புல்லில் உள்ள நாரை ஆடு தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையான பெருவயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும், ஒற்றைச் செல் உயிர்களும், பூஞ்சைகளும் அந்த நாரை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் ஆகிய அமிலங்களாக்குகின்றன. அவற்றை வயிற்றுச் சுவர் உறிஞ்சிக்கொள்வதால் ஆட்டுக்குத் தெம்பு கிடைக்கிறது. இந்த வேலையில் ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. அது அகற்றப்படாமல் தேங்கினால் நொதித்தல் மந்தமடையும். அதை அகற்றும் பொறுப்பை ஏற்றிருப்பவை, பாக்டீரியாக்களிலிருந்து வேறுபட்ட ஆர்க்கியா என்னும் பெரும் உயிர்ப்பிரிவைச் சேர்ந்த மெத்தனோஜென்கள் என்னும் நுண்ணுயிர்கள். நான்கு மூலக்கூறு ஹைட்ரஜனையும் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடையும் எடுத்து ஒரு மூலக்கூறு மீத்தேனும் இரண்டு மூலக்கூறு நீரும் ஆக்குவதே அவற்றின் பிழைப்பு. அந்த மீத்தேனில் மிகப் பெரும்பகுதி ஏப்பத்தோடும் மூச்சோடும் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும்தான் வெளியேறுகிறது. பின்பக்கமாக வெளியேறுவது மிகச் சொற்பம். பெட்டிக்குள் ஆட்டை முழுமையாக நிறுத்துவதால் எந்த வழியாக வந்தாலும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்படியானால் மெத்தனோஜென்கள் குறைவாக உள்ள ஆட்டைத் தேர்ந்தால் போதாதா என்ற கேள்வி எவருக்கும் எழும்; எனக்கும் எழுந்தது. விடை அவ்வளவு எளிதில்லை. 2015இல் வெளிவந்த உலகளாவிய பெருவயிற்றுக் கணக்கெடுப்பில், 35 நாடுகளில் 32 வகை விலங்குகளிடமிருந்து திரட்டிய 742 மாதிரிகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே சில மெத்தனோஜென் குழுக்களே கோலோச்சுவதாக அதில் தெரிய வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நியூசிலாந்துச் செம்மறிகளில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. அதிகமாக வெளிவிடும் ஆடுகளிலும் குறைவாக வெளிவிடும் ஆடுகளிலும் மெத்தனோஜென்களின் எண்ணிக்கை பெரிதாக வேறுபடவில்லை. மீத்தேன் உண்டாக்கும் மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்தன என்பதில்தான் வேறுபாடு இருந்தது. அவற்றுக்குக் கிடைக்கும் ஹைட்ரஜன் எவ்வளவு என்பதே மீத்தேனின் அளவைத் தீர்மானிக்கிறது. எனவே, மெத்தனோஜென்களை விட அவற்றுக்கு இரை போடும் பாக்டீரியாக்களைக் கவனிப்பதே பயன் தரும்.

குறைவாக வெளிவிடும் ஆடுகளின் வயிற்றில் இரு வகைக் குடியிருப்புகளைக் கண்டிருக்கிறார்கள். ஒன்றில் குவினெல்லா என்னும் பெரிய உருவம் கொண்ட பாக்டீரியா மலிந்திருக்கும். அது புரோபியோனேட்டை ஆக்குவதால் ஹைட்ரஜன் அதிகம் மிஞ்சுவதில்லை. மற்றொன்றில் ஷார்ப்பியா என்னும் பாக்டீரியா, சர்க்கரையை லாக்டேட்டாக மாற்ற, அதை மெகாஸ்பேரா என்னும் இன்னொன்று எடுத்துப் பியூட்டிரேட்டாக்கும். இந்தப் பாதையிலும் ஹைட்ரஜன் குறைவு. இப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் ஏன் சில ஆடுகளில் மட்டும் செழிக்கின்றன என்று பார்த்தால், காரணம் ஆட்டின் உடலமைப்புக்குப் போய்ச் சேருகிறது. குறைந்த மீத்தேன் ஆடுகளின் பெருவயிறு சற்றுச் சிறியது. தின்ற புல் அதில் தங்கும் நேரமும் குறைவு. உணவு விரைவாகக் கடந்து போகும் வயிற்றில், வேகமாகப் பெருகக்கூடிய, கரையும் சர்க்கரையை உண்ணும் பாக்டீரியாக்கள் நிலைக்கின்றன. மெதுவாகப் பெருகுபவை அடித்துச் செல்லப்படுகின்றன. வயிற்றின் அளவும் அதன் அசைவும் தகப்பனிடமிருந்து குட்டிக்கு வருபவை. நுண்ணுயிர்கள் வழியே வெளிப்படும் ஒரு குணத்தை இனப்பெருக்கத்தின் மூலம் மாற்ற முடிவது இதனால்தான். இந்தச் சங்கிலியை முதன்முதலாகப் படித்துப் புரிந்துகொண்ட நாளில், பத்தாண்டுகளுக்கு மேல் ஆடுகளோடு பழகியும் அவற்றின் வயிற்றை வெறும் பையாக மட்டுமே எண்ணியிருந்தேனே என்று தோன்றியது.

இனி, சேவைக்கு வருகிறேன். இதன் வேர் நியூசிலாந்தின் அரசு ஆய்வு நிறுவனமாக இருந்த அக்ரிசர்ச்சில் இருக்கிறது. 2025 சூலை முதல் அது உயிர்ப் பொருளாதார ஆய்வுக்கான புதிய பொது நிறுவனத்தில் ஒரு பகுதியாகிவிட்டது. அங்குள்ள அறிவியலாளர்கள், குறைவாக வெளிவிடும் மந்தை, அதிகமாக வெளிவிடும் மந்தை என்று இரண்டு தனிக் கிளைகளைப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பிரித்து வளர்த்தார்கள். மூன்று தலைமுறைகளுக்குப் பிறகு, தின்ற ஒவ்வொரு கிலோ உலர்தீவனத்துக்கும் வெளிவரும் மீத்தேனில் இரு கிளைகளுக்கும் இடையே 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வேறுபாடு நிலைபெற்றது. அதன் பிறகு, 2019இல், செம்மறிகளின் மீத்தேனுக்கான இனப்பெருக்க மதிப்பு, அதாவது ஒரு கிடாயின் பிள்ளைகளுக்கு அந்தக் குணம் எவ்வளவு போகும் என்ற கணிப்பு, நியூசிலாந்துக் கிடாய் வளர்ப்போருக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்து வந்த கூல் ஷீப் என்னும் திட்டம், இந்த அளவீட்டை நாட்டின் எல்லாச் செம்மறிப் பண்ணையாளர்களும் பயன் பெறும் அளவுக்குப் பரப்ப முனைந்தது. ஆய்வுக்கூடத்தில் நின்றுவிடாமல் பட்டி வரைக்கும் வந்து சேர்ந்த ஆராய்ச்சி என்பதாலேயே எனக்கு இதன் மேல் மதிப்பு உண்டு.

சனவரி என்றால் தமிழ்நாட்டில் தைப்பனிக் காலம், இங்கே நடுக்கோடை. காலை ஆறரை மணிக்கு வெளிச்சம் நன்றாக வந்துவிட்ட பொழுதில், நீண்ட இழுவண்டி ஒன்று எங்கள் பட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் மேல் பன்னிரண்டு பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு கிடாய் நிற்கவும் படுக்கவும் இடம் இருக்கும். திரும்ப இடம் இருக்காது. பக்கத்துச் சுவரின் வழியே உள்ளே இருப்பதைப் பார்க்க முடியும். ஒவ்வொரு கிடாயையும் எடை போட்டு, காதுப்பட்டையின் எண்ணை மின்கருவியால் படித்து, பெட்டிக்குள் ஏற்றி மூடுகிறார்கள். கதவின் ஓரத்தில் ஓடும் ரப்பர்ப் பட்டை அழுந்தி ஒட்டிக்கொண்டதும் வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். ஐம்பது நிமிடம் கழித்து, சிறிய குழாய் வழியாகக் கைக்கருவி ஒன்று உள்காற்றை உறிஞ்சி மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் ஆகிய மூன்றையும் காட்டுகிறது. பெட்டியின் கொள்ளளவிலிருந்து ஆட்டின் உடல் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்து, வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த நேரத்தில் வெளிவந்த மீத்தேனின் எடை கிடைத்துவிடும்.

ஆடுகளுக்கு இது வதையாக இருக்குமோ என்ற கவலையோடுதான் நான் பக்கத்தில் நின்றேன். முதல் ஐந்து நிமிடம் சில கிடாய்கள் காலைத் தட்டின, ஒன்று தலையால் சுவரை இருமுறை இடித்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கின. நான்காம் பெட்டியில் இருந்த கிடாய் முன்னங்கால்களை மடக்கிப் படுத்து, கண்ணைப் பாதி மூடி, தாடையை ஒரு பக்கமாக அரைத்து அசைபோடத் தொடங்கியது. மிரண்டுபோன ஆடு அசைபோடாது என்பது ஆடு மேய்க்கும் எவருக்கும் தெரியும். அதைப் பார்த்த பிறகு என் கவலை நீங்கியது. திறக்கும்போது உள்ளே ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கியிருந்தது. ஐம்பது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வதன் காரணம் இதுதான் என்று வந்திருந்த பெண் ஊழியர் விளக்கினார். அவர் எங்களுடைய கேள்விகள் அனைத்துக்கும் பொறுமையாகவும் தெளிவாகவும் பதில் சொன்னார். கிடாய்களை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அவர்கள் காட்டிய நிதானம் பாராட்டத்தக்கது.

ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரு கிடாய்கள் அடுத்தடுத்த பெட்டிகளில் இருந்தன. ஒன்றின் பெட்டியில் பத்து இலட்சத்துக்கு 1,150 பங்கு மீத்தேன், மற்றதில் 1,900. இரண்டும் ஒரே வயலில், ஒரே புல்லைத் தின்றவை. வெளித்தோற்றத்தில் நான் ஒரு வேறுபாடும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த இரு எண்களையும் பக்கம் பக்கமாகப் பார்த்த கணத்தில்தான் இந்தச் சேவையின் பொருள் என் மனத்தில் முழுமையாக இறங்கியது. அதே நேரத்தில், ஒரு நாள் அளவீட்டை நம்பி எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பதையும் அடுத்த வருகையில் கற்றேன். பதினான்கு நாள் கழித்து அதே கிடாய்களை மீண்டும் அளந்தபோது அந்த இரண்டுக்கும் இடையிலிருந்த இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது, வரிசை மாறவில்லை. ஆடு அன்று காலை எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்பதைப் பொறுத்து அளவு ஏறி இறங்கும். இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை அளக்கும் ஏற்பாடு இதற்காகத்தான். வேலை மிகுந்த கோடையில் இரண்டு முழு நாட்களை ஒதுக்குவது எந்தப் பண்ணைக்கும் சிரமம். ஆனாலும் இரண்டாம் வருகையைத் தவிர்க்க நினைப்பவர்கள் முதல் வருகையையும் தவிர்த்துவிடலாம்.

எங்கள் தரப்பில் நேர்ந்த தவறு ஒன்றை மற்றவர்களின் நன்மைக்காகச் சொல்லியாக வேண்டும். முதல் வருகையின்போது, காலையில் நேரம் வீணாகக் கூடாது என்று எண்ணி, முதல் இரண்டு சுற்றுக்கான 24 கிடாய்களை முந்தின இரவே பட்டியில் அடைத்து வைத்தோம். மற்றவை அளவீட்டுக்குச் சற்று முன்புதான் மேய்ச்சலிலிருந்து வந்தன. இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு நின்ற கிடாய்களின் எண்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாகத் தாழ்ந்து காணப்பட்டன. ஊழியர் அந்தக் குறைவைக் கண்டவுடனே எப்போது தீவனத்திலிருந்து பிரித்தீர்கள் என்று கேட்டார்; நாங்கள் சொன்ன பிறகு அதைப் பதிவு செய்துகொண்டார். ஒரே சுற்றில் நின்ற ஆடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறை இருப்பதால் அந்த அளவீடு முழுவதும் வீணாகவில்லை. ஆனால் அந்த 24 கிடாய்களை ஏனையவற்றோடு நேராக ஒப்பிடும் வாய்ப்பை முதல் முறை இழந்தோம். முன்கூட்டித் தரப்படும் குறிப்புகளை வரிக்கு வரி படித்து, எல்லாக் கிடாய்களையும் ஒரே புல்லில் விட்டு, ஒரே கால இடைவெளியில் பிரித்துக் கொண்டுவர வேண்டும். அளவீட்டின் தரத்தில் பாதி பண்ணையின் கையில் இருக்கிறது.

ஒரு நாளில் எத்தனை ஆடுகளை அளக்க முடியும் என்பது இந்தச் சேவையின் பெரிய குறை. பன்னிரண்டு பெட்டிகளோடு ஏழு சுற்று முடித்து 84 கிடாய்களை அளந்தபோது மாலை ஆகிவிட்டது. நான்கு பேர் இடைவிடாமல் உழைத்தோம். ஆயிரக்கணக்கில் குட்டிகளைப் பதிவு செய்யும் பண்ணைக்கு இது கடலில் ஒரு குடம். ஆகவே யாரை அளப்பது என்ற தேர்வு முக்கியமாகிறது. எல்லாத் தகப்பன் வழிகளிலிருந்தும் சில மகன்கள் வரும்படி பார்த்துக்கொண்டால், அளக்கப்படாத உடன்பிறப்புகளுக்கும் மரபணுத் தகவலின் துணையோடு மதிப்பு கிடைக்கும். நன்றாக வளர்ந்த கிடாய்களை மட்டும் பொறுக்கி நிறுத்தினால் அந்தப் பலன் குன்றிப்போகும்.

சில வாரங்கள் கழித்து வந்த முடிவில், ஒவ்வொரு கிடாய்க்கும் மீத்தேனுக்கான இனப்பெருக்க மதிப்பு ஒரு எண்ணாக இருந்தது. கழித்தல் குறியோடு உள்ள மதிப்பு குறைவாக வெளிவிடும் பிள்ளைகளைக் குறிக்கும். இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதிகம் தின்னும் ஆடு அதிகம் வெளிவிடும்; பெரிய ஆடு அதிகம் தின்னும். நாளொன்றுக்கு எத்தனை கிராம் என்ற மொத்த அளவை மட்டும் பார்த்துத் தேர்ந்துகொண்டே போனால், சில தலைமுறைகளில் சிறுத்த, தின்னாத ஆடுகள்தாம் மிஞ்சும். கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அளப்பது இதற்குக் காப்பு. அது ஆட்டின் உடலியக்கத்தையும் தீனியையும் ஓரளவு பிரதிபலிப்பதால், மொத்த வாயுவில் மீத்தேனின் பங்கு எவ்வளவு என்று பார்க்க முடிகிறது. இந்தக் குணம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் அளவும் இதைப் பொறுத்து மாறுகிறது. 2013இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், ஆயிரத்துக்கு மேற்பட்ட செம்மறிகளை அடைத்த அறைகளில் அளந்தபோது, நாளொன்றுக்கான மொத்த மீத்தேனில் காணும் வேறுபாட்டில் 29 விழுக்காடும், ஒரு கிலோ தீவனத்துக்கான மீத்தேனில் 13 விழுக்காடும் மரபால் வருபவை என்று கண்டார்கள். இரண்டாவது எண் சிறியது. பெருக்கினால்தான் பலன் தெரியும். பல தலைமுறை காத்திருக்கவும் வேண்டும்.

அந்தச் சிறிய எண் பெருகுவது எப்படி என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒரு செம்மறி ஆண்டுக்குச் சுமார் 11 கிலோ மீத்தேன் வெளிவிடுவதாக வைத்துக்கொள்வோம். 3,000 ஆடுகள் உள்ள பண்ணையில் அது 33 டன். இனத்தேர்வால் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு குறைத்தால் முதல் ஆண்டு 330 கிலோ மீத்தேன் குறைகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், அது ஒன்பது டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அடுத்த ஆண்டு இன்னொரு விழுக்காடு இதன் மேல் ஏறும். முன்பு குறைந்தது திரும்பி வராது. மீத்தேனைக் குறைக்கத் தீவனத்தில் கலக்கும் மருந்தோ அப்படியில்லை; அதை நிறுத்தினால் மீத்தேன் விரைவிலேயே பழைய நிலைக்கு ஏறிவிடும். அதுவும் ஆண்டு முழுவதும் மலைச்சரிவில் மேயும் ஆட்டுக்குத் தினமும் மருந்து கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. ஒரு கிடாய் ஒரு பருவத்தில் நூறு பெட்டையாடுகளோடு சேர்கிறது. அதன் பெட்டைக் குட்டிகள் மந்தையிலேயே தங்கி ஐந்தாறு ஆண்டு குட்டி ஈனுகின்றன. விவசாயி கூடுதலாக எந்த வேலையும் செய்யாமல், கிடாய் வாங்கும் நாளில் எடுக்கும் ஒரு முடிவால் இது நடக்கிறது என்பதே இந்த வழியின் பெருஞ்சிறப்பு.

பெட்டிக்கு மாற்றாகப் பேசப்படும் நுண்ணுயிர்ப் பரிசோதனையையும் முதல் வருகையின்போது சில கிடாய்களில் செய்து பார்த்தோம். வாய்வழியாக மெல்லிய குழாயைப் பெருவயிற்றுக்குள் செலுத்தி, உறிஞ்சுகுழலால் சிறிது திரவத்தை எடுக்கிறார்கள். பச்சையும் பழுப்பும் கலந்த, நார் மிதக்கும் கஞ்சி போன்ற திரவம் அது. புளித்த புல்லின் மணம் கையுறையைக் கழற்றிய பிறகும் விரலில் நிற்கும். அதை உடனே உறையவைத்து, பின்னர் அதிலுள்ள நுண்ணுயிர்களின் டிஎன்ஏவைப் பிரித்துப் படித்து, எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்ற சுயவிவரத்தை உருவாக்குகிறார்கள். ஓர் ஆட்டுக்கு ஓரிரு நிமிடம் போதும். ஆகவே ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஆடுகளிடமிருந்து மாதிரி எடுத்துவிடலாம். பெட்டியின் மிகப் பெரிய குறையை இது நேராகத் தீர்க்கிறது.

இருந்தும், இன்றைய நிலையில் இதைப் பெட்டிக்குத் துணையாகத்தான் பரிந்துரைப்பேன். நுண்ணுயிர்ச் சுயவிவரம் மீத்தேனின் வேறுபாட்டில் ஒரு பகுதியை மட்டுமே முன்னறிவிக்கிறது. வயிற்றின் அளவும் உணவு கடக்கும் வேகமும் நுண்ணுயிர்களின் மேல் விட்டுச் செல்லும் தடத்தைத்தான் நாம் படிக்கிறோம். புல் மாறினால் அந்தத் தடமும் மாறும். வசந்தகாலத்துக் குளிர்ச்சியான புல்லில் எடுத்த மாதிரியையும் கோடையின் முற்றிய புல்லில் எடுத்த மாதிரியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது. குழாய் செலுத்துவதும் பழகிய கை செய்ய வேண்டிய வேலை. ஆயினும், ஒரு பகுதி ஆடுகளைப் பெட்டியிலும் பெரும்பகுதியை இந்த மாதிரியாலும் அளந்து இரண்டையும் இணைத்துக் கணக்கிடும் முறை வளர்ந்து வருகிறது. அது நிலைபெற்றுவிட்டால் சிறிய பண்ணைகளுக்கும் இந்த வழி எட்டும் என்று மனமார நம்புகிறேன்.

கிடாய் வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, மீத்தேன் குறைந்தால் வேறு எது குறையும் என்பதுதான். இதுவரை வெளியான நியூசிலாந்து முடிவுகள் ஆறுதல் தருபவை. குறைந்த மீத்தேன் கிளையின் ஆடுகள் உற்பத்தியில் பின்தங்கவில்லை. கம்பளி சற்றுக் கூடுதலாகவும் உடற்கொழுப்பு சற்றுக் குறைவாகவும் இருக்கக் கண்டார்கள். கொழுப்பு குறைவு என்பதைக் கறிக்கடையின் கண்ணால் பார்த்தால் நல்லது. ஆகஸ்ட் மாதக் குளிரில் இரட்டைக் குட்டி சுமக்கும் தாயாட்டின் கண்ணால் பார்த்தால் கவனிக்க வேண்டியது. சிறிய வயிறு முற்றிய, தரம் குறைந்த புல்லில் தடுமாறுமோ என்பதையும் மேட்டு நிலப் பண்ணையாளர்கள் தத்தம் மந்தையில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் நாங்கள் மீத்தேன் மதிப்பைத் தனியாகப் பார்ப்பதில்லை. குட்டி பிழைக்கும் திறன், தாயின் உடல்நிலை, குடற்புழு எதிர்ப்பு ஆகியவற்றோடு சேர்த்துத்தான் பார்க்கிறோம்.

பணக்கணக்கில் இதன் நிலை இப்போது தெளிவாக இல்லை. நியூசிலாந்தின் மொத்தப் பசுங்குடில் வாயுவில் ஏறக்குறைய பாதி வேளாண்மையிலிருந்து வருகிறது. ஆனாலும் பண்ணை மீத்தேனுக்கு விலை வைக்கும் திட்டங்கள் 2024இல் ஓரங்கட்டப்பட்டன, 2025 அக்டோபரில் மீத்தேன் வரி கிடையாது என்று அரசு அறிவித்தது. வரிக்குப் பயந்து அளக்கத் தொடங்கியவர்கள் சிலர் அதோடு விலகினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு இனத்தேர்வு பலன் காட்டப் பத்தாண்டு ஆகும். இறைச்சி வாங்கும் நிறுவனங்கள் கேட்கத் தொடங்கும் நாளில் அளக்க ஆரம்பிப்பவருக்கு அந்தப் பத்தாண்டை யாரும் கடனாகத் தர முடியாது. மேலும், மீத்தேன் வளிமண்டலத்தில் நிற்பது ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளே என்பதால், இப்போது குறைக்கும் ஒவ்வொரு கிலோவின் பலனையும் என் பிள்ளைகள் பள்ளி முடிக்கும் முன்பே காலநிலை உணரத் தொடங்கிவிடும். வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உண்மை மாறாது.

கிடாய் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. விற்பனைப் பட்டியலில் மீத்தேன் மதிப்பு அச்சிடப்பட்டிருந்தால், அந்தக் கிடாயே இரண்டு முறை பெட்டியில் அளக்கப்பட்டதா, உடன்பிறப்புகளின் அளவீட்டிலிருந்து மரபணு வழியாகக் கணிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டும் பயனுள்ளவை, உறுதியின் அளவு வேறு. அந்த மதிப்போடு தரப்படும் துல்லிய விழுக்காட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

எங்கள் முதல் ஆண்டு அளவீட்டில் எல்லாவற்றிலும் குறைவாக வெளிவிட்ட கிடாய்க்குப் பின்னங்கால் குளம்புகள் சரியில்லை. ஈரமான சவுத்லாந்து மண்ணில் அந்தக் கால்கள் அதன் பிள்ளைகளுக்கு வேதனையாகிவிடும் என்பதால் அதை வைத்துக்கொள்ளவில்லை. வரிசையில் மூன்றாவதாக நின்ற, நல்ல கால்களும் நீண்ட முதுகும் கொண்ட கிடாயை ஏப்ரலில் 90 பெட்டையாடுகளோடு விட்டோம். செப்டம்பரில் ஈன்ற குட்டிகளில் 28 ஆண் குட்டிகளைப் பொலிக்காக ஒதுக்கி, மறு சனவரியில் வண்டி வந்தபோது அவற்றையும் ஏற்றினோம்; இந்த முறை எல்லாக் கிடாய்களும் அன்று காலை ஒரே வயலிலிருந்து வந்தவை.